கையெழுத்து வாங்கும் காட்சி

அன்புத் தம்பிக்கு,

உன் நாடகப் பிரதி கிடைத்தது. இரண்டாம் காட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா அந்தப் பெண்ணின் கையை முறுக்கிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார். அடைப்புக்குறிக்குள் 'ஆவேசமாக' என்று வேறு நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். நம் வீடுகளில் கையெழுத்து அப்படியா வாங்குகிறார்கள்?

சென்னை உயர் நீதிமன்றம் 1889-இல் தீர்த்த வழக்கு ஒன்று, ரங்கநாயகம்மா வழக்கு. புருஷன் செத்துக் கிடக்கிறான். மனைவிக்கு வயது 13. பையனைச் சுவீகாரம் எடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவுக்காரர்கள் மறித்தார்கள். சம்மதித்தாள். அந்தச் சுவீகாரம் அவளைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். இதை மேடையேற்றினால் அவளை யாரும் தொடவே வேண்டாம். பொழுது ஏறுவதைக் காட்டினாலே போதும்.

இன்னொன்று, அதே நீதிமன்றத்தில் 1917-இல் வந்த அம்மிராஜு - சேஷம்மா வழக்கு. விடுதலைப் பத்திரம் எழுதித் தராவிட்டால் உயிரை விட்டுவிடுவேன் என்று மனைவியையும் மகனையும் மிரட்டினான் ஒருவன். தங்களுடையது என்று அவர்கள் சொல்லிவந்த சொத்து அவனுடைய சகோதரனுக்குப் போனது. மூன்று நீதிபதிகளில் இருவர் அந்த மிரட்டலை வற்புறுத்தல் என்றார்கள். மூன்றாமவர் சட்டத்தின் வாசகத்தை இறுக்கிப் பிடித்து மறுத்தார். எனக்கு அந்த மூன்றாமவர்தான் முக்கியம். பார்க்க வருபவர்களில் பாதிப் பேராவது, 'பாவம், மனுஷன் மனசு உடைஞ்சு பேசுறான்' என்று பெரியப்பா பக்கம் சாய வேண்டும். சாயவில்லையென்றால் நீ எழுதியது வெறும் அடிதடி.

அதனால் கத்தலை எடுத்துவிடு. ஸ்டாம்ப் பேப்பரின் மடிப்பை அவர் உள்ளங்கையால் நீவட்டும். பேனா மூடியைத் தானே கழற்றி நீட்டட்டும். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கட்டும்.

மற்றதில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்றாம் காட்சியில் ஒரு பிழை. வக்கீல் வந்து நின்றதும் பத்திரம் தானாகச் செல்லாமல் போகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வற்புறுத்தி வாங்கிய ஒப்பந்தம் அப்படிச் செத்துப்போவதில்லை. வற்புறுத்தப்பட்டவள் வேண்டாம் என்று சொன்னால்தான் ரத்தாகும். அதுவரை நிற்கும். ஆகவே வக்கீலின் வசனத்தைப் பாதியாக வெட்டி, அந்தப் பெண்ணைப் பேசவிடு. இப்போது அவளுக்கு அந்தக் காட்சியில் ஒரு வரிகூட இல்லை.

திருத்தியதை ஒத்திகைக்கு முன்பே அனுப்பு. பெரியப்பா வேஷத்துக்கு அந்தக் கட்டைக் குரல்காரர் வேண்டாம். நன்றாகச் சிரிக்கத் தெரிந்த ஆளாகப் பார்.

அன்புடன்,
அண்ணன்