சட்டம் படித்த சித்திலெவ்வை



"பையனைச் சட்டம் படிக்க வைத்தால் கடையை யார் பார்ப்பது?" என்று கேட்கும் தகப்பனார்கள் நம்மிடையே உண்டு. சட்டம் கற்ற ஒருவரால் சமுதாயம் அடையக்கூடிய நன்மை என்ன? வணிகர்களாகிய நமக்கு அதில் என்ன பங்கு? இவ்விரண்டுக்கும் இலங்கையில் வாழ்ந்த மர்ஹூம் எம். சி. சித்திலெவ்வை அவர்களின் வரலாற்றில் விடை இருக்கிறது.

அன்னார் 1838-இல் கண்டியில் பிறந்தார். சட்டம் பயின்று, 1862-இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1864-இல் உச்ச நீதிமன்றத்திலும் 'புரொக்டர்' எனப்படும் வழக்கறிஞரானார். கண்டி நகரசபை நீதவானாகவும் கடமையாற்றினார்.

பணமும் பதவியும் போதுமென்று அன்னார் இருந்துவிடவில்லை. அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் பாதிரிமார்களின் கையில் இருந்தன. பிள்ளைகளின் ஈமானுக்குப் பங்கம் வருமென்று அஞ்சிய பெற்றோர் அவர்களை அங்கே அனுப்பவில்லை. அச்சம் நியாயமானதே, ஆனால் சமுதாயம் படிப்பில் பின்தங்கிப் போயிற்று. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒருங்கே கிடைக்கும் பள்ளியை நாமே நடத்துவதுதான் பரிகாரம் என்றார் சித்திலெவ்வை. இதை எடுத்துச் சொல்ல 1882-இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885-இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். தமிழின் ஆரம்ப நாவல்களில் அதுவும் ஒன்று. ஆத்மீக ஞானம் பற்றி 'அஸ்றாறுல் ஆலம்' என்ற நூலும் எழுதினார். பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் பாடுபட்டார்.

இனி நமக்குரிய பாடத்துக்கு வருவோம். 1884-இல் கொழும்பில் அன்னார் தொடங்கிய பள்ளி நிலைக்கவில்லை. போதிய ஆதரவு கிட்டவில்லை. எண்ணத்தில் குறையில்லை, எழுத்திலும் குறையில்லை. தாங்கும் தோள்களே குறைவு. பின்னர், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் துணை நின்றார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த ஒராபி பாஷாவும் ஊக்கமளித்தார். 1892-இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மதரஸா எழுந்தது. அதுவே பிற்காலத்தில் புகழ்பெற்ற ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று. சித்திலெவ்வை 1898-இல் காலமானார். கல்லூரி இன்றும் நடக்கிறது.

பூச்சோங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை நடத்தும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கடை திறக்கும் நாளில் வரும் கூட்டத்தை நம்பி யாரும் வியாபாரம் செய்வதில்லை. வாடகையும் வேலையாள் சம்பளமும் மாதந்தோறும் வந்து நிற்கும். பள்ளிக்கும் அப்படியே. திறப்பு விழாவில் ஒருமுறை கொடுக்கும் ஆயிரம் வெள்ளியைவிட, மாதந்தோறும் தவறாமல் கொடுக்கும் ஐம்பது வெள்ளியே ஆசிரியரை அங்கே நிலைக்க வைக்கும்.

ஆகவே, படிப்பில் நாட்டமுள்ள பிள்ளையைக் கல்லாவில் கட்டிப்போடாதீர்கள். அவன் படித்துத் திரும்பி வந்து நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கும்போது அவனைத் தனியே விட்டுவிடாதீர்கள். படித்தவரும் வணிகரும் சேர்ந்தால்தான் காரியம் நிலைக்கும்.