நூறு பாதாமும் ஒரு நாத்தனாரும்

மதுரையில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர், நாலு மாதம் தினமும் காலையில் நூறு பாதாம் தின்றார். முந்தின இரவே ஊறப்போட்டு, தோலுரித்து, ஒன்றுகூடக் குறையாமல் எண்ணி. அந்த ஆசிரியை வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவர்தான். ‘நான்’ என்று ஆரம்பித்தால் நாத்தனார் மேல் உள்ள கோபம் முந்திக்கொள்கிறது. அதனால் ‘அவர்’ என்றே இருக்கட்டும்.

அப்போது எடை 78 கிலோ. சென்னைக்குக் கட்டிக்கொடுத்த நாத்தனார், சோறில்லாத பேலியோ உணவுமுறையில் 12 கிலோ குறைத்திருந்தார். “மதினி, சோத்த நிறுத்துங்க, காலையில நூறு பாதாம், அம்புட்டுத்தேன்” என்று போனில் சொன்னதோடு வாட்ஸ்அப்பில் ஒரு சார்ட்டும் அனுப்பினார். நாத்தனார் வீட்டில் மதியம் கோழி, ராத்திரி மீன். ஆசிரியை வீட்டில் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த வித்தியாசம் இருவர் பேச்சிலும் வரவே இல்லை.

இரண்டே வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்தாயிற்று. இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. சோறு நின்றால் அந்தத் தண்ணீர் வடிந்துவிடும்.

மூன்றாம் மாதம் சீப்பு நிறைய முடி. இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏறுவதற்குள் கால் துவண்டது. எடை 73-ல் நின்றுகொண்டு நகர மறுத்தது. பசி தாங்காமல் ராத்திரியில் ‘ரெண்டே கரண்டி’ சோறு திரும்பி வந்தது. பாதாம் மட்டும் போகவில்லை. நாலாம் மாத முடிவில் அதையும் நிறுத்தினார். சோறு பழைய அளவுக்கு ஏறியது. வருஷம் முடிகையில் எடை 80.

எல்லாவற்றுக்கும் வேர், பாதாமைப் புரதம் என்று நம்பியது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. நூறு பாதாம் ஏறத்தாழ 120 கிராம், 700 கலோரி. அதில் புரதம் 25 கிராம், 100 கலோரி. கொழுப்பு 60 கிராம், 540 கலோரி! ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் இந்தக் கணக்கை டீச்சர் போடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் ஆரோக்கியமானவருக்குத் தினம் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 78 கிலோவுக்கு 65 கிராம். தயிரையும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 40 தேறினால் அதிகம்.

“அதான் சாம்பார் இருக்கே” என்று மாமியார் சொன்னார். நாலு பேருக்கு ஒரு நாள் சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு. புரதம் 22 கிராம். இரண்டு வேளைக்கு வகுத்தால் ஆளுக்கு மூன்று கிராம்கூட வராது.

இப்போது எடை 69. காப்பிக்குச் சீனி இல்லை, சாயங்காலம் நடை, பத்து மணிக்குத் தூக்கம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாறியது தட்டு. காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, 12 கிராம் புரதம். நாலு மணிக்கு முறுக்குக்குப் பதில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல், 10 கிராம். சாம்பாருக்குப் பருப்பு இரண்டு மடங்கு. கறியோடு புதன்கிழமை மீனும் சேர்ந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்.

மதியம் சோறு உண்டு, ஒரு கப், சுமார் 200 கலோரி. சோற்றின் மேல் இருந்த பயம் எண்ணெய் மேல் இருந்திருக்க வேண்டும். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் ஓடியது. ஆளுக்குத் தினம் 270 கலோரி, கண்ணுக்கே தெரியாமல். இப்போது தூக்குவாளியிலிருந்து ஊற்றுவதில்லை, கரண்டியால் அளப்பதுதான்.

சோற்றைக் குறைக்கச் சொன்னதில் நாத்தனார் மேல் குற்றமில்லை. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று ஐசிஎம்ஆரின் நாடு தழுவிய ஆய்வு 2025-ல் சொன்னது. ஆனால் சோற்றை நிறுத்தினால் போதும் என்றது? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் கவனித்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. இந்தச் செய்தியை ஆசிரியை நாத்தனாருக்கு அனுப்பினார். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மிச்சமிருந்த முக்கால் கிலோ பாதாம் தீபாவளிக்கு அல்வாவாகி, எவர்சில்வர் டப்பாவில் சென்னைக்குப் பஸ் ஏறியது.