ஈரம் இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

பாத்தியில் ஈரம் இருக்கிறது. ஆனாலும் சின்ன வெங்காயத்தின் தாள் நுனி கருகிப் பயிர் வாடுகிறது. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி, அதே கிணற்று நீரை மேலும் பாய்ச்சுவோர் உண்டு. பல இடங்களில் குறை நீரின் அளவில் இல்லை. அதில் கரைந்துள்ள உப்பில் இருக்கிறது.

வேரின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. இச்சவ்வு நீரை எளிதில் விடும். உப்பை அவ்வாறு விடாது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். உலர்ந்த திராட்சை தண்ணீரில் பருப்பதும், உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதும் இதனால்தான். (சவ்வில் நீருக்கென்றே புரத வாயில்கள் உள்ளன. இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆகர் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.)

உயிரணுச் சாறு மண்நீரைவிடச் செறிவு மிக்கதாக இருப்பதால் நீர் வேருக்குள் நுழைகிறது. மண்நீரில் உப்பு ஏற ஏற, வேர் நீரை இழுப்பது கடினமாகும். மிக அதிகமானால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். உரத்தைத் தூரில் குவித்தால் பயிர் கருகுவதற்கும் இதுவே முக்கிய காரணம்.

நொய்யல் கரை உழவர்களுக்கு உப்பின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, பாசனத்திற்கென எழுப்பிய அணையின் நீரே பாசனத்திற்கு உதவாமற் போயிற்று. சுற்றுக் கிணறுகளும் உவர்த்தன. கழிவுநீரை வெளிவிடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

முதலில் நீரைச் சோதித்தல் வேண்டும். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்ட பின், கழுவிய பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வகத்திற்கு அனுப்புங்கள். மின்கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. பழைய மில்லிமோஸ் கணக்கிலும் எண் இதேதான். பீன்சும் வெங்காயமும் உப்பைத் தாங்கா. பருத்தி நன்கு தாங்கும். ஆயினும் முளைக்கும் பருவத்தில் அதற்கும் நல்ல நீர் தேவை.

உவர்நீர் பாய்ச்சுவோர் மண்ணைக் காயவிடக் கூடாது. மண் காயக் காய, எஞ்சிய ஈரத்தில் உப்பின் செறிவு ஏறும். ஆதலால் பாசன இடைவெளியைக் குறைத்தல் நலம். சொட்டுநீரில் உப்பு ஈரவட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கும். சிறு தூறல் அதை வேர்ப்பகுதிக்கே திரும்பக் கொண்டுவரும். எனவே தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு கட்டித் தேக்கி, உப்பைக் கீழே கரைத்து வடியச் செய்யலாம்.

உவர் என்றதும் ஜிப்சம் வாங்க ஓடுவது வீண்செலவு. ஜிப்சம் களர் நிலத்திற்கு உரியது. உவர் நிலத்தின் உப்பை நல்ல நீரால்தான் கழுவ முடியும்.