வீட்டு மின்சுற்றும் வண்டிக் குளிர்சாதனமும்

உறங்கும் அறை, சமையற்கூடம், நீராடும் இடம் ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த ஒருவகை ஊர்தி அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெருவழக்காயுள்ளது. அந்நாட்டார் அதனை ஆர். வி. எனச் சுருக்கி வழங்குவர்; நாம் இங்கு வீட்டு வண்டி என்போம். இவ்வண்டிகளுக்கென வகுத்த தங்குமிடங்களில் 30 அல்லது 50 ஆம்பியர் மின்னிணைப்புக் கிடைக்கும். ஆயின் உறவினர் இல்லத்தருகே வண்டியை நிறுத்தி, அவ்வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண சாக்கெட்டிலிருந்து கம்பி இழுத்து, வண்டிக் கூரைமேலுள்ள குளிர்சாதனத்தை ஓட்ட விரும்புவோர் பலர். கோடையில் அவ்வண்டி விரைவிற் காய்ந்துவிடுமாதலால் அவ்விருப்பம் இயல்பே. இடையில் ஒரு மாற்றுச் செருகியை வைத்தால் வண்டியின் பிளக்கும் சுவரிற் பொருந்திவிடும். பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. பௌதிக வகுப்பில் நாம் கற்கும் ஓம் விதியும் ஜூல் விதியும் இதற்கு என்ன விடை தருகின்றன என்பதை ஆராய்வோம்.

1. யந்திரம் வேண்டுவது

வண்டிக் குளிர்சாதனங்களுள் பெரிதும் வழங்குவது மணிக்கு 13,500 பிரிட்டிஷ் வெப்ப அலகு உஷ்ணத்தை வெளியேற்ற வல்லது. அது ஏறக்குறைய 3,950 வாட்டுக்குச் சமம். உஷ்ணத்தை இடம் பெயர்க்கும் வேலையையே யந்திரம் செய்வதால், அதற்கு 1,500 வாட் அளவான மின்சாரமே போதும். நம் நாட்டு 230 வோல்ட்டில் இது சிறு ஓட்டமே. அமெரிக்க வீட்டுச் சாக்கெட்டிலோ 120 வோல்ட்டே உண்டு. ஆதலின் யந்திரத்தின் அளவுக்கும் வெயிலின் கடுமைக்கும் ஏற்ப 12 முதல் 16 ஆம்பியர் வரை ஓட வேண்டும். மேலும், கம்ப்ரெஸர் புறப்படும் கணத்தில் இதனினும் நான்கைந்து மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.

2. சுவர் கொடுப்பது

அந்நாட்டு வீடுகளில் சாக்கெட்டுகளுக்குரிய சுற்றுகள் 15 ஆம்பியர் அல்லது 20 ஆம்பியர் அளவின. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ இடைவிடாது நிற்கும் பாரம் சுற்றின் அளவில் நூற்றுக்கு எண்பது பங்கை மீறலாகாது என்பது அந்நாட்டு மின்சார விதிநூலின் முறை. அதன்படி முன்னதற்கு 12 ஆம்பியரும் பின்னதற்கு 16 ஆம்பியருமே எல்லையாம். ஆகவே 13 ஆம்பியர் இழுக்கும் யந்திரம் 15 ஆம்பியர் சுற்றுக்கு ஒவ்வாது. 20 ஆம்பியர் சுற்றில் வேறு பாரம் இல்லாதபோது மட்டும் ஒக்கும். ஒரே சுற்றில் பல சாக்கெட்டுகள் இணைந்திருப்பது வழக்கம். மோட்டார் நிறுத்துமிடத்துச் சாக்கெட்டில் வண்டியைச் செருகுவோர், அதே சுற்றில் உறைபெட்டி ஒன்று ஓடுவதை அறியாதிருத்தல் கூடும்.

3. கம்பி உண்பது

கேஜ் எண் குறையக் குறையக் கம்பி பருக்கும். பருக்கப் பருக்கத் தடை குறையும். 50 அடி நீட்டுக்கம்பியில் மின்சாரம் சென்று மீள 100 அடி ஆகின்றது. அத்தூரத்திற்கு 16 கேஜ் செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.4 ஓம், 14 கேஜுக்கு 0.25, 10 கேஜுக்கு 0.1. புறப்படும் மின்னோட்டம் 50 ஆம்பியர் எனக் கொள்வோமாயின், மெல்லிய கம்பி 20 வோல்ட்டை உண்டுவிடும். பருத்த கம்பி 5 வோல்ட்டையே உண்ணும். மோட்டாரின் திருகு விசை வோல்ட்டின் வர்க்கத்தை ஒட்டியது. 120 வோல்ட் 100 ஆகக் குறைந்தால் அவ்விசையில் பத்தில் ஏழு பங்கே எஞ்சும். அந்நிலையில் கம்ப்ரெஸர் சுழலாது முனகி நின்று, பெருமின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே தன் சுருள்களைச் சுட்டுக்கொள்ளும்.

4. பிரேக்கர் காப்பதும் காவாததும்

‘பிரேக்கர் விழவில்லை, ஆகவே அபாயமில்லை’ என்று கருதுவோர் உளர். இக்கருத்தே தீங்குக்கு வித்தாகும். மின்னோட்டம் மிகும்போது சுற்றைத் துண்டிக்கும் அக்கருவி, சுவருக்குள் ஓடும் கம்பியின் பருமனுக்கே அளவு செய்யப்பட்டது. வெளியே நாம் இணைக்கும் மெல்லிய கம்பியை அது அறியாது. 16 கேஜ் கம்பியில் 13 ஆம்பியர் ஓடினால், ஜூல் விதிப்படி 68 வாட் உஷ்ணம் பிறக்கும். கம்பியைச் சுருட்டி வைத்திருப்பின் அவ்வுஷ்ணம் வெளியேற வழியில்லை. அதனினும் கொடியது தளர்ந்த சாக்கெட். தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை இருப்பினும், விரல்நுனியளவான இடத்தில் ஏறக்குறைய 17 வாட் உஷ்ணம் இடையறாது எழும். பிளக் உருகும், பின்னுள்ள மரம் கருகும். பிரேக்கர் காண்பதோ அதே 13 ஆம்பியரே. ஆதலின் அது வாளாவிருக்கும். அந்நாட்டு வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. குளிர்சாதனம் இரவு முழுதும் ஓடுவது, வண்டியிலும் வீட்டிலும் மக்கள் உறங்கும் வேளையில் அன்றோ?

5. செய்யத்தக்கவை

பிறிதொன்றும் ஓடாத 20 ஆம்பியர் சுற்றையே தேர்தல் வேண்டும். கம்பி 10 அல்லது 12 கேஜினதாய், இயன்றவரை குறுகியதாய், முழுதும் விரித்ததாய் இருத்தல் வேண்டும். வண்டியிலுள்ள மின் வெந்நீர்க் கலம், மைக்ரோவேவ் அடுப்பு முதலியவற்றை நிறுத்துக; வெந்நீர்க் கலம் ஒன்றே ஏறக்குறைய 12 ஆம்பியர் கொள்ளும். வண்டிக்குள் வோல்ட் அளவியை வைத்துப் பார்த்து, 108-க்குக் கீழே இறங்கின் யந்திரத்தை நிறுத்துக. அரைமணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்க. கை பொறாத சூடாயின் அச்சாக்கெட் ஆகாது. யந்திரத்தை நிறுத்தினால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் சமனாகும்படி ஐந்து நிமிஷம் கழித்தே மீட்டும் தொடங்குக. மெல்லத் தொடங்கச் செய்யும் கருவியொன்று இப்போது கிடைக்கின்றது. அது புறப்படும் மின்னோட்டத்தைத் தணிக்குமேயன்றி, ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்காது. மின்கசிவு கண்டு துண்டிக்கும் சாக்கெட் அடிக்கடி விழுமாயின், அதனைத் தவிர்த்து வேறிடம் தேடாது, கசிவின் காரணத்தைத் தேடுக.

அடிக்கடி இவ்வாறு தங்குவோர்க்கு நிலையான வழி, உரிமம் பெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு 30 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைத் தனிச்சுற்றில் அமைப்பித்தலே. அது 120 வோல்ட்டுக்குரியது என்பதை அவருக்கு வற்புறுத்திச் சொல்லுக. துணியுலர்த்தும் யந்திரத்துக்குரியதென மயங்கி 240 வோல்ட் கொடுத்துவிட்டால் வண்டியின் கருவிகள் பழுதாகும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் பழமொழி. சுற்று, கம்பி, சாக்கெட் ஆகிய மூன்றனுள் எது மெலிந்ததோ அதுவே நாம் ஏற்றத்தக்க பாரத்தின் எல்லை. அதனை முன்னரே கணக்கிட்டு அறிந்தோர் குளிர்ந்த அறையில் அச்சமின்றி உறங்குவர்.