பொறியியலா, பாலிடெக்னிக்கா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகனைச் சுமாரான தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கில் சேர்ப்பதா?

பதில்: படிப்பின் பெயரை விடுங்கள்; பாதியில் கசந்தால் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். பி.இ. நான்கு ஆண்டு. அரியர் குவிந்து நின்றுவிட்டால் பட்டம் வராது, கல்விக் கடன் மட்டும் வரும். பிளஸ் டூவில் அறிவியலோ தொழிற்பிரிவோ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; இரண்டே ஆண்டில் டிப்ளமோ. வேண்டுமானால் அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம். கூடுதலாவது ஓர் ஆண்டுதான். நடுவே வேலைக்குப் போகவும் வழி உண்டு.

"டிப்ளமோவுக்கு மதிப்பேது?" என்பார்கள். கல்யாண வீட்டில் இல்லைதான். ஆனால் வளாகத் தேர்வுக்கு நிறுவனங்களே எட்டிப்பார்க்காத கல்லூரியின் பட்டத்துக்கு மட்டும் என்ன மதிப்பு? கட்-ஆஃப் நன்றாக இருந்து அரசுக் கல்லூரி கிடைத்தால் யோசிக்காமல் பி.இ. சேருங்கள். மகன் அரசுப் பள்ளி மாணவர் என்றால் கணக்கே வேறு: 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எதுவானாலும், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.