மகிழ மரத்தடிச் சத்தியம்

முதல் காதல் நாவலை எழுதத் தொடங்கியிருக்கும் வடசென்னைத் தங்கைக்கு,



விதி சேர்த்துவைக்கும் இரண்டு பேரைப் பற்றி, திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் நடக்கும் கலகலப்பான கதை எழுதப் போகிறாய் என்பது மகிழ்ச்சியான செய்தி. ‘மெட்ராஸ்’, ‘வட சென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ மூன்று படங்களிலும் காதல் உண்டு. ஆனால் சண்டையும் பகையும் விட்ட இடத்தில்தான் அது நின்றது. இந்தப் பகுதியில் சிரித்துக்கொண்டே காதலிப்பவர்களுக்கு ஒரு முழு நாவல் தேவை.

‘லேசான கதைதானே’ என்று யாராவது சொன்னால் சோர்ந்துவிடாதே. ரமணிசந்திரனின் நாவல்களை வாங்கியும் இரவல் கேட்டும் படித்த லட்சக்கணக்கான பெண்கள், வீட்டு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் நடுவில் தங்களுக்கென்று ஒரு மணி நேரத்தைப் பிடித்துவைத்துப் படித்தவர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீ பொறுப்பு.

பிறவி தாண்டித் தொடரும் ஜோடியைத் தேடி நீ வெளியூர் போக வேண்டாம். திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலிலேயே அந்தக் கதை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், கயிலை நந்தவனத்தில் பூப்பறிக்க வந்த இரண்டு பெண்களைப் பார்த்து மனம் தடுமாறுகிறார் சிவத்தொண்டர் சுந்தரர். மூவரும் மண்ணில் பிறக்க வேண்டியதாகிறது. அவர்களில் கமலினி திருவாரூரில் பரவையாகப் பிறந்து சுந்தரரை மணக்கிறாள். அநிந்திதை இங்கே, சென்னைக்கு வடக்கே இருக்கும் ஞாயிறு என்ற ஊரில் சங்கிலியாகப் பிறந்து, திருவொற்றியூர்க் கன்னிமாடத்தில் இறைவனுக்குப் பூத்தொடுக்கிறாள்.

அங்கே அவளைச் சுந்தரர் பார்த்துவிடுகிறார். சிவனிடமே போய் முறையிடுகிறார். தூது போகும் சிவனிடம் சங்கிலி சரியான கேள்வியைக் கேட்கிறாள்: அவருக்குத்தான் திருவாரூரில் வாழ்க்கை இருக்கிறதே? உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுப்பார் என்கிறார் சிவன். சுந்தரரோ முன்யோசனைக்காரர். சன்னிதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே! நான் சத்தியம் செய்ய வரும்போது நீங்கள் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். சிவனும் சம்மதிக்கிறார். சம்மதித்துவிட்டு, சங்கிலியின் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழிகள் மரத்தடியைக் காட்டியதும் சுந்தரர் வசமாக மாட்டிக்கொள்கிறார்.

இதைவிட நல்ல காதல் நகைச்சுவை எங்கே கிடைக்கும்? இதில் விதியின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார். நேருக்கு நேர் நிறுத்தியதோடு அதன் வேலை முடிந்தது. தந்திரம், பயம், கேள்வி, நிபந்தனை எல்லாம் ஆட்களுடையவை. தொல்காப்பியக் களவியலும் பால் என்னும் ஊழைத் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்தில்தான் வைக்கிறது. அதன் பிறகு தோழி வேண்டும், இரவில் சந்திக்க இரவுக்குறி வேண்டும், ஊர்வாய்க்குப் பயப்பட வேண்டும். உன் நாவலிலும் தற்செயலை ஒருமுறைதான் செலவழிக்கலாம். மூன்றாவது தற்செயலில் வாசகி புத்தகத்தை மூடிவிடுவாள்.

அந்த ஒரு தற்செயலும் இந்த மண்ணிலிருந்து வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். கடலுக்குப் போகாத பையன் கரையில் என்ன செய்வான்? வலை பின்னுவான், படகுக்குப் பெயின்ட் அடிப்பான், ஒருத்தியை முதல்முறையாக நின்று பார்ப்பான். ஜூன் 15 வந்தால் அவன் கிளம்பியாக வேண்டும். நாவலுக்குத் தேவையான கெடு அங்கேயே இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ, ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டம் எல்லாமே சந்திக்க வைக்கும், பிரிக்கவும் செய்யும்.

பேச்சு வழக்கைச் சிரிப்புக்காக மட்டும் வைக்காதே. வடசென்னைத் தமிழில் கோபம் வருவதைப் போலவே கூச்சமும் வரும். அது உன் காதுக்குத் தெரியும்.

சங்கிலிக்குச் செய்த சத்தியத்துக்குப் பிறகு நடந்ததையும் மறக்காதே. வசந்தம் வந்தது. ஆரூர் நினைவு இழுக்க, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் திரும்பக் கிடைத்தன. கோபித்துக்கொண்ட பரவையைச் சமாதானப்படுத்தச் சிவனே இரவில் இருமுறை அவள் வீட்டுக்கு நடந்தார். ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியின் நாட்கள் எப்படிப் போயின என்பதை விரித்துச் சொல்லப் பெரியபுராணத்தில் இடமில்லை. கடைசியில் கயிலைக்குத் திரும்புவோரில் அவளும் இருக்கிறாள், அவ்வளவுதான்.

உன் கதாநாயகி அந்த விடுபட்ட நாட்களிலிருந்து எழுந்து வரட்டும். சத்தியம் வாங்கத் தெரிந்தவளுக்கு, அது மீறப்பட்ட பிறகு பேசவும் சிரிக்கவும் முடிவெடுக்கவும் பக்கங்கள் கொடு.

மகிழ மரம் இன்றும் அந்தக் கோயிலின் தல விருட்சம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. முதல் அத்தியாயத்தை எழுதும் முன் ஒருமுறை அங்கே போய், சங்கிலி நின்ற பக்கமாக நின்று பார்த்துவிட்டு வா.