ஏற்றமும் இறக்கமும்: கியர் சைக்கிள் பழக ஒரு பாடம்

நம் ஊரில் சைக்கிள் ஒரு காலத்தில் பொழுதுபோக்குப் பொருளாக இருந்ததில்லை. பால்காரர், தபால்காரர், பள்ளி ஆசிரியர், மில் தொழிலாளி என்று எல்லோருக்கும் அது பிழைப்போடு சேர்ந்த வண்டி. சிறுவர்களாகிய நமக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக் கடையில் கிடைக்கும். கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். பாடம் நடத்த யாரும் வரவில்லை. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர ஓர் அண்ணனோ மாமாவோ இருந்தால் போதும்.

இன்று வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது வேறு வகை வண்டி. தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங், 21 கியர். விடுமுறை நாளில் பெரியவர்களும் இதில் கிளம்புகிறார்கள். பெங்களூர்க்காரர்கள் நந்தி மலைக்குப் போகிறார்கள். புனேக்காரர்கள் சிங்ககட் கோட்டைக்குப் போகிறார்கள். தில்லிப் பக்கத்தில் ஆரவல்லி மண் பாதைகள் இருக்கின்றன. உடலுக்கும் மனத்துக்கும் நல்ல பழக்கம் இது.

ஆனால் பழைய சைக்கிளில் கற்ற வித்தை இந்த வண்டிக்குப் போதாது. கியர் எதற்கு என்று தெரியாததால் பலர் ஒரே கியரில் முக்கி முனகி ஓட்டிவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று வண்டியை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள். பிரேக்கைப் பற்றித் தெரியாமல் சரிவில் இறங்குகிறவர்களின் கதை இதைவிட மோசம். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ, கவனிக்காவிட்டால் உயிரையே வாங்கும். ஆகவே இரண்டையும் முறையாகத் தெரிந்துகொள்வோம்.

பற்களின் கணக்கு

கியர் என்பது வெறும் வகுத்தல் கணக்குதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

பழைய கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடலோடு சேர்ந்த பல் சக்கரத்தில் 44 பற்கள், பின் சக்கரத்தின் ஃப்ரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.44. அதாவது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அந்தச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் போகும். சமதரையில் இது சுகம். மேம்பாலத்தில் ஏறும்போதுதான் எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும்.

இப்போது 21 கியர் வண்டிக்கு வருவோம். முன்னால் மூன்று பல் சக்கரங்கள், பின்னால் ஏழு. மூன்றை ஏழால் பெருக்கினால் 21. முன்னால் உள்ள சிறியதில் 24 பல், பின்னால் உள்ள பெரியதில் 28 பல் என்றால், வகுத்தால் வருவது 0.86. சக்கரச் சுற்றளவு 2.05 மீட்டர் என்று கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி சுமார் 1.75 மீட்டர்தான் போகும். பழைய சைக்கிளோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு தூரம். காலுக்கு வேண்டிய பலமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பதிலாக மூன்று மடங்கு தடவை மிதிக்க வேண்டும். கிணற்றில் பெரிய அண்டாவால் ஒரு தடவை இறைப்பதற்கும் சின்ன வாளியால் மூன்று தடவை இறைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. மொத்த வேலை ஒன்றே, முதுகு ஒடிவதில்லை.

கியரைக் குறைத்து ஏறுவது வீரமில்லை என்ற எண்ணம் நம் இளைஞர்களிடம் மட்டும் இல்லை. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே, செயினைப் பல்லுக்குப் பல் தாவச் செய்யும் கியர் அமைப்பு 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறியவர்கள் அந்த வீரர்கள்! இன்று கியர் இல்லாமல் அந்தப் பந்தயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஏறும் முறை

முதலில் சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது குதிகாலால் அல்லாமல் பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம். அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பதுதான் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம்.

அடுத்து, மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். மேட்டின் நடுவில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் செயின் கழன்று போகும். சில சமயம் அறுந்தும் போகும். மாற்றும்போது பெடல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். முன்னால் பெரிய பல் சக்கரம், பின்னாலும் பெரியது என்று செயினைக் கோணலாக இழுக்கவிடக் கூடாது. இரண்டிலும் சிறியது என்பதும் அப்படியே.

நிமிடத்துக்கு 60 சுற்றாவது மிதிக்க முடிகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் கியர் இன்னும் குறைய வேண்டும். நாம் கணக்கிட்ட கடைசிக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வேகம் வரும். விறுவிறுவென்று நடப்பவரின் வேகம்தான். அவமானம் ஒன்றுமில்லை. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேச முடிந்தால், நெடுநேரம் ஏறலாம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பது அவசியம். வெயில் காலத்தில் உப்புப் போட்ட நீர்மோரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போது வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். கடையில் விற்கும் வண்ண வண்ணப் பானங்கள் இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது.

ரீபேக் சாலை சொல்லும் பாடம்

மலைச் சைக்கிள் பிறந்த கதையிலேயே பிரேக் பாடம் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மலைப்பாங்கான பகுதி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில், காட்டுத் தீயை அணைக்கப் போவதற்காக வெட்டிய ஒரு மண் சாலை. மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறங்குகிறது.

சில இளைஞர்கள் 1930, 40-களில் செய்த பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, 1976 அக்டோபரில் அந்தச் சரிவில் பந்தயம் வைத்தார்கள். நடத்தியவர் சார்லி கெல்லி. அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான். அது பின் சக்கர அச்சுக்குள் இருந்தது. ஒரு தடவை இறங்கி வருவதற்குள் அச்சு கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். மறு தடவை இறங்குமுன் அச்சைப் பிரித்துக் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக் என்று பெயர். சாலைக்கும் அதுவே பெயராக நிலைத்தது.

அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 80-ஐப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆலும், உயரமான 400-ஆலும் பெருக்கினால் சுமார் 3,14,000 ஜூல். அறையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாற வேண்டும். ஏறும்போது நம் கால்கள் சேர்த்து வைத்ததெல்லாம் இறங்கும்போது வட்டியில்லாக் கடன் போல ஒரேயடியாகத் திரும்பி வருகிறது. அதை எங்கே செலவழிக்கிறோம் என்பதே இறக்கத்தின் வித்தை.

அந்த இளைஞர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-இல் இந்த வேலைக்கென்றே உறுதியான சட்டம் செய்து, இரு சக்கரத்துக்கும் கைப்பிரேக் வைத்தார். 1981-இல் மலைச் சைக்கிள் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராகத் தொடங்கியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாகவும் ஆயிற்று.

இறங்கும் முறை

சரிவு தொடங்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். நண்பரின் வண்டியை வாங்கி ஓட்டும்போது இது மிக முக்கியம்.

வண்டி நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புறக் கவிழ்வோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்களின் சக்கரம் தேய்த்துக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, முழங்கைகளை மடக்கி வைத்துக்கொண்டால் கவிழும் அபாயம் குறையும். சரளைக் கல்லிலும் மழை பெய்த தாரிலும் முன் பிரேக்கை இன்னும் மென்மையாகப் பிடியுங்கள்.

பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால் நீண்ட சரிவில் ரிம் சூடேறி டியூப் வெடிப்பதுண்டு. டிஸ்க் பிரேக்கானால் இறங்கியவுடன் தகட்டைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் பொசுங்கிவிடும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம். கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறும். கல்லுக்குப் பக்கத்து வழியைப் பாருங்கள். சாலை வளைவில் இடப்பக்கத்தை விட்டு வெளியே வராதீர்கள். எதிரே லாரி வருவது ஹாரன் கேட்டபின்தான் தெரியும்.

தலைக்கவசம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். வார் தாடைக்கடியில் தொங்கக் கூடாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுவதே நல்லது.

புறப்படுமுன் மூன்று

காற்று, பிரேக், செயின். இந்த மூன்றையும் தினமும் பார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

டயரின் பக்கவாட்டில் எத்தனை பவுண்டு காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் தார்ச் சாலைக்குக் கூடுதலாகவும், மண் பாதைக்குக் குறைவாகவும் வையுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, கம்பி பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். செயினைத் துடைத்து, கணுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் படவே கூடாது. கிரீச்சென்ற சத்தம் நிற்கட்டும் என்று பிரேக்கில் எண்ணெய் விடும் பிள்ளைகள் உண்டு. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

சக்கரம் ஆடினால் கடையில் கொடுத்துப் போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே போகும்போது ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்பு, அறுகோணச் சாவிகள் ஆகியவை பையில் இருக்கட்டும். மலைப் பாதையில் பஞ்சர் கடை இருக்காது.

வீட்டில் யார் பழக வேண்டும்?

எல்லோரும்தான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்காமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் தாமே போய்வந்தார்கள். அவர்களால் முடிந்தது நம் வீட்டுத் தாய்மார்களால் முடியாதா? மகனுக்குக் கியர் வண்டி வாங்கும்போது மகளையும் கூட அழைத்துப் போங்கள். அம்மாவும் ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும்.

அன்று நம் பின்னால் ஓடி வந்த அண்ணனும் மாமாவும் இந்த ஊரில் பக்கத்தில் இல்லை. அந்த வேலையைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் வண்டியின் முன், பின் பற்களை எண்ணி, மிகக் குறைந்த கியருக்கும் மிக உயர்ந்த கியருக்கும் ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுங்கள். சக்கரச் சுற்றளவை நூலால் அளக்கலாம்.

2. உங்கள் எடையோடு வண்டியின் எடையைச் சேர்த்து, 100 மீட்டர் உயரம் இறங்கும்போது எத்தனை ஜூல் வெளிப்படும் என்று காணுங்கள்.

3. வாகனம் வராத மைதானத்தில் ஒரு கோடு போட்டு, ஒரே மிதமான வேகத்தில் வந்து, பின் பிரேக்கால் மட்டும் ஒரு தடவையும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒரு தடவையும் நிறுத்துங்கள். தூரத்தை அடியால் அளந்து பாருங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

மூன்றாவது பயிற்சியை முடிக்காத பிள்ளையை மலைச் சரிவுக்கு அழைத்துப் போக வேண்டாம்.